முள்ளில்லாத மீன்

"முள்ளு எங்க போச்சு?"

இருசப்பன் ஒரு வெள்ளைத் துண்டை டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலை இல்லை, வால் இல்லை, தோல்கூட இல்லை.

"கடையிலயே எடுத்துட்டு சதைய மட்டும் பாக்கெட்ல போட்டுக் குடுக்கறாங்க," என்றாள் அவர் மனைவி வேதா. "அதுக்குத்தான் இத வாங்கினேன். குப்பையில முள்ளு வுழாது, பூனை வந்து காட்டிக் குடுக்காது. கல்லுல போட்டா சட்டுனு வெந்துடும்."

"மூஞ்சியே இல்லாத மீன எப்படி நம்பறது?"

"ஆமா, நீங்க பொண்ணு பாக்க வந்திருக்கீங்க, மூஞ்சி வேணும். போயி ஜன்னலச் சாத்துங்க."

கீழ்பென்னாத்தூர் ஏரி மீனில் வளர்ந்த நாக்கு இருசப்பனுடையது. இப்போது இருப்பதோ கிரிவலப் பாதையில், ஆசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில். கீழே இவர்கள் இருவர், மேல்மாடியில் புகழேந்தி குடும்பம். வாசல் கேட்டில் 'சைவம் மட்டும்' என்று கொட்டை எழுத்தில் போர்டு. அந்த போர்டைத் தாண்டித் தாண்டிக் கத்திரிக்காயும் கருணைக்கிழங்கும் வாங்கி வந்தே வாய் செத்துப் போயிற்று மனுசனுக்கு.

"மாட்டிக்கினா இன்னா ஆவும்னு தெரியுமில்ல?" என்றார் ரகசியக் குரலில்.

"தெரியாம என்ன? ஒரு முட்டை ஓட்டுக்காகப் பின்பக்கத்து ரேவதி குடும்பத்தையே பெட்டி கட்ட வெச்ச வீடாச்சே இது. தெருவே வேடிக்க பாத்துது. நாளைக்கு நம்மளப் பாத்துச் சிரிக்கும்."

"வாயக் கழுவு."

"மொதல்ல மீனக் கழுவறேன்."

துண்டுகளைக் கழுவி, ஈரம் போகத் துணியால் ஒற்றி எடுத்தாள் வேதா. மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இடித்த மிளகு சோம்பு, இஞ்சிபூண்டு விழுது, மொறுமொறுப்புக்குக் கொஞ்சம் அரிசி மாவு. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பிசறினாள். வெள்ளைத் துண்டெல்லாம் செக்கச் செவேலென்று ஆயின.

"காரம் கம்மியா தெரியுதே?"

"ஜாஸ்தி போட்டா தும்முவீங்க. உங்க தும்மல் மலையைச் சுத்தற ஜனத்துக்கெல்லாம் கேக்கும்."

இருசப்பன் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டு வந்தார். அடுப்படி ஜன்னலுக்கு வந்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"ஏய், வாசனை வந்துடுச்சுடி!"

"இன்னும் ஒரு துண்டுகூடக் கல்லுல படல. அதுக்குள்ள வாசனையா?"

"நான்தான் சொன்னேனே, இந்த மீன நம்ப முடியாதுன்னு. போடறதுக்கு முன்னாடியே ஊரக் கூட்டுது பாரு!"

ஓடிப்போய்ச் சாம்பிராணியைப் புகைய விட்டார். ஈரத் துணியைக் கதவிடுக்கில் செருகினார். எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்கக் கூடாதென்று டிவியில் பக்திப் பாட்டைப் போட்டுச் சத்தத்தை ஏற்றினார்.

"எதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" வேதா இருமினாள். "மேல யாரும் இல்ல. அவங்க வண்டியே இல்லியே. கோயிலுக்குப் போயிருப்பாங்க."

"வண்டி இல்லன்னா ஆளும் இல்லியா? நீ எல்லாரையும் நம்பு."

தோசைக்கல்லில் எண்ணெய் காய்ந்தது. முதல் துண்டு விழுந்ததும் 'சொய்' என்றது. கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டாள். ஒரு பக்கம் சிவந்ததும் தோசைத் திருப்பியால் புரட்டினாள். இருசப்பனுக்கு நாக்கில் ஊறிய எச்சிலை விழுங்க நேரமில்லை. கல்லிலிருந்து இறங்கியதைத் தட்டுக்குப் போக விடாமல் விரலாலேயே எடுத்து வாயில் போட்டார். சுட்டது. ஊதி ஊதி மென்றார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"எப்படி இருக்கு?"

"முள்ளே இல்ல."

"அத விடுங்க. ருசி?"

"இன்னொண்ணு குடு, பாத்துச் சொல்றேன்."

வேதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இருசப்பனும் சிரித்துவிட்டார். இரண்டாவது துண்டை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்தபோது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். சத்தம் இறங்கி வந்தது. கதவருகே நின்றது. தட்டியது.

"நான் சொல்லல?" என்றார் இருசப்பன், வாய் நிறைய மீனோடு. "அடுப்ப அணை. தட்ட மூடு. பீரோ மேல வை!"

மறுபடியும் தட்டல். மீசையைத் துடைத்து, கையை வேட்டியின் பின்பக்கம் ஒளித்துக்கொண்டு கதவை ஒரு சாண் மட்டும் திறந்தார். புகையும் பக்திப் பாட்டும் வெளியே பாய்ந்தன.

புகழேந்தி நின்றுகொண்டிருந்தான். முகம் சரியில்லை.

"இன்னா?" என்றார் இருசப்பன் முரட்டுக் குரலில்.

"நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேங்கய்யா. நீங்க ஜன்னலெல்லாம் சாத்திட்டு சாம்பிராணி போட்டப்பவே புரிஞ்சுபோச்சு, எங்க வீட்டு மீன் வாசனை உங்களுக்கு வந்துடுச்சுன்னு. வண்டியக்கூடத் தெருக்கோடியில நிறுத்திட்டு, ஆள் இல்லாத மாதிரி கதவச் சாத்திக்கினுதான் வறுத்தோம். நீங்க வீட்டு ஓனரு, உங்க கையாலயே போர்டு எழுதி மாட்டியிருக்கீங்க, தப்புதான். ரேவதி குடும்பத்த அனுப்பின மாதிரி எங்களையும் காலி பண்ணச் சொல்லிடாதீங்கய்யா. எம் பொஞ்சாதி சிந்துஜா மாடியில அழுதுகினு இருக்கா."

இருசப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்தப் பொண்ணையும் கூப்டுக்கினு, உங்க மீனையும் எடுத்துக்கினு சீக்கிரம் வா," என்றார். "எங்களுது ஆறிப்போவுது."