கறுப்பு நிற்காத கைப்பிடி

இடிந்துபோன தன் வீட்டை மேசைமேல் வைக்கும் மாதிரியாகச் செய்து தரக் கேட்டிருந்தார் வாடிக்கையாளர். பித்தளைச் சாமான்கள் புதுசாகப் பளபளத்தால் பொம்மை வீடு போலத் தெரியும் என்பதால், எல்லாவற்றையும் சோப்பில் கழுவி, இடுக்கியால் பிடித்து, பித்தளையைப் பழசாகக் காட்டும் கறுப்பு மருந்தில் முக்கினேன். விரல் பட்டால் பிசுக்கில் மருந்து பிடிக்காது.

எல்லாம் கறுத்தன. வாசல் கதவுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என இரண்டு கைப்பிடிகளைப் பொருத்தினேன், பாதி அரிசி அளவில். மறுநாள் காலை வெளிக் கைப்பிடி மட்டும் பளபளவென்று இருந்தது.

"நீங்கதான் கை வெச்சிருப்பீங்க," என்றாள் மனைவி.

"இருபது வருஷமா இதானே பொழப்பு? எனக்கே பாடம் எடுக்கறியா?"

கழற்றி மறுபடி முக்கினேன். அடுத்த நாளும் பளபளப்பு. லென்ஸில் பார்த்தேன். மருந்து உரியவில்லை. தினமும் கை பட்டுப் பட்டுத் தேயுமே, அப்படித் தேய்ந்திருந்தது.

இன்று வாடிக்கையாளர் வருகிற நாள். காலையில் கைப்பிடியை மறுபடி கறுப்பாக்கிப் பொருத்தினேன். எரிச்சலில் கதவையும் பசை போட்டு ஒட்டிவிட்டேன். மதியம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கறுப்பு அப்படியே நின்றது.

"பாத்தியா? ஒழிஞ்சுது சனியன்," என்றேன்.

மனைவி குனிந்து, சின்ன ஜன்னல் வழியே டார்ச் அடித்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. டார்ச்சை வாங்கி நானும் பார்த்தேன். உள்பக்கக் கைப்பிடி தங்கம் போல மின்னியது. அதைச் சுற்றி, கதவுப் பெயின்ட் முழுக்க மெல்லிய கீறல்கள்.

"ஏங்க," என்றாள் தணிந்த குரலில். "பசை காஞ்சிடுச்சா?"