மூணு இஞ்ச் குறைவு

"உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள் டெய்லரின் மனைவி. புதுச் சட்டையைப் போட்டுப் பார்த்த பக்கத்துத் தெருக்காரருக்கு, கை மணிக்கட்டுக்கு மூன்று இஞ்ச் மேலேயே நின்றுவிட்டது.

"நோட்டுல இருபத்துநாலுன்னு எழுதி வச்சிருக்கேன், பாருங்க! பார்த்து வெட்டத் தெரியாதா?"

"மறந்துட்டேம்மா. வேற துணி எடுத்துத் தைச்சுக் கொடுத்துடறேன் சார்" என்றார் டெய்லர், தலையைச் சொறிந்துகொண்டு.

வந்தவருக்கே பாவமாகிவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் இவளுக்கு மூளையில் கட்டி. ஆபரேஷன், கதிர்வீச்சு என்று அலைந்து, கடையை மூடிப்போட்டு, சோறு ஊட்டிக் காப்பாற்றியவர் இந்த மனுஷன். பிழைத்து வந்தவள் காட்டுகிற நன்றியைப் பாருங்கள்!

மறுநாள் அவளுக்கு வருஷாந்திரப் பரிசோதனை. ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனாலும் டெய்லருக்கு நிம்மதி இல்லை. அடுத்து டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார். அவருக்கு அதுதான் பயம்.

"வீட்ல அவங்களுக்கு மறதி, தடுமாற்றம் ஏதாவது?"

"அவளுக்கா? சேச்சே, எனக்குத்தான் சார்."

"கணக்கு?"

"அதுல அவ புலி சார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. ஞாபக டெஸ்ட்ல வேற மாதிரி வருது. நீங்க மறைச்சா நான் எப்படி வைத்தியம் பார்க்கறது?"

டெய்லர் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அளவெடுத்து நோட்டுல எழுதறது அவதான் சார். டேப்பைப் பார்த்துட்டு எழுதறதுக்குள்ள நம்பர் மாறிடுது. முக்கால்வாசி, ஆளைப் பார்த்த கண்ணளவுல நானே சரி பண்ணி வெட்டிடுவேன். நேத்து ஒரு சட்டை தப்பாப் போச்சு. அவர் அதைப் போட்டுப் பார்க்கறதுக்குள்ள, நோட்டுல இருந்த இருபத்தொண்ணை இருபத்துநாலாக்கிட்டேன்."

"எதுக்கு?"

"முதல் ரெண்டு வருஷம், நான் எதுக்கும் லாயக்கில்லைன்னு சுவத்தைப் பார்த்துப் படுத்துக் கிடந்தா சார். கடைக்கு வந்தப்புறம்தான் சிரிக்கவே ஆரம்பிச்சா. தெரிஞ்சா திரும்பவும் படுத்துடுவா. அவகிட்ட சொல்லிடாதீங்க, உங்க கால்ல விழறேன்."

"இதுக்குப் பயிற்சி இருக்குங்க. அவங்ககிட்ட சொல்லாம அதைக் கொடுக்க முடியாது. அனுப்புங்க."

டெய்லர் எழுந்து வெளியே போனார்.

அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று டாக்டர் தொண்டையைக் கனைத்தார். அதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"டாக்டர், அளவு எழுதறப்ப நான் தப்புத் தப்பா எழுதறேன். ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க. ஆனா நான் கேட்டேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம்."

டாக்டர் நிமிர்ந்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் எழுத்து எனக்குத் தெரியாதா? அவர் திருத்தி வைக்கறதை மூணு வருஷமாப் பார்க்கறேன்."

"அப்புறம் ஏம்மா அவரைப் போட்டுத் திட்டறீங்க?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"திட்டினாத்தான் டாக்டர், எனக்கு ஒண்ணும் தெரியலைன்னு நம்பி, அன்னிக்காவது மனுஷன் நிம்மதியாத் தூங்கறாரு."