முதல் நோயாளி

தொற்று வந்தவர்களை ஏற்றிக்கொண்டு பறக்க ஒரு விமானியும் தயாராக இல்லை. ஏர் ஆம்புலன்ஸ் சேவையின் தலைவி பேசிப் பேசித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கடைசியில், காற்று வெளியே கசியாத, ஜிப் வைத்த பிளாஸ்டிக் கூடு ஒன்றை வரவழைத்தார். சீனியர் விமானி மட்டும் அரைமனதாகத் தலையாட்டினார்.

மறுநாளே, தொப்பியும் மாஸ்க்குமாக ஒரு நோயாளியைக் கூட்டுக்குள் படுக்கவைத்து விமானத்தில் ஏற்றினார்கள். விமானி எட்டியே நின்றார்.

"ஏம்மா சிஸ்டர், இது தேறுமா? பாதி வழியிலயே போயிடும் போலிருக்கே!"

"மெதுவா பேசுங்க சார்," என்றாள் நர்ஸ்.

"அந்தம்மாவுக்கு என்ன, ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு உத்தரவு போடுவாங்க. இந்தப் பையை நம்பி உசிரைப் பணயம் வைக்கிறது நாமதானே?"

நர்ஸ் கண்ணால் ஜாடை காட்டினாள். அவர் கண்டுகொள்ளவில்லை.

புறப்பட்ட சிறிது நேரத்தில், திரும்பி வரும்படி அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று என்றே விமானி நினைத்தார்.

தரையிறங்கியதும் நர்ஸ் ஜிப்பை இழுத்தாள்.

"ஐயையோ, திறக்காதே!"

நோயாளி எழுந்து உட்கார்ந்து மாஸ்க்கைக் கழற்றினார். தலைவி!

"பயப்படாதீங்க, ஒத்திகைதான். மூச்சு விட ஒரு கஷ்டமும் இல்ல," என்றார், வியர்வையைத் துடைத்தபடி. "ஆனா வெளிய பேசற ஒவ்வொரு வார்த்தையும் உள்ள கேக்குது. நாளைக்கு நிஜ நோயாளி வரும்போது என்னை எவ்வளவு வேணா திட்டுங்க. தேறுமான்னு மட்டும் கேக்காதீங்க."