இரண்டு வல்லரசும் ஒரு சேவலும்

வங்கக்கடல் நாடுகள் கூட்டாகப் போட்ட சட்டப்படி, கரையோர வீடுகளில் இரண்டு வல்லரசுக்காரர்களும் குடியிருந்தாக வேண்டும். தன் ஆள் தலையில் எவன் குண்டு போடுவான்? நாகப்பட்டினத்தில் வள்ளிக்கண்ணு வீட்டு மாடியில் ஒருவர், கீழே ஒருவர். பேச்சுவார்த்தையே கிடையாது. கீழ்வீட்டார் வள்ளிக்கண்ணுவின் சேவலை விரட்டுகிறார் என்பதற்காகவே மாடிக்காரர் அதற்கு அரிசி போடுவார். சேவல் கொழுத்துத் திரிந்தது.

நேற்று டிவியில் அந்த இரண்டு நாட்டுத் தலைவர்களும் கைகுலுக்கினார்கள். இன்று காலை குடித்தனக்காரர்கள் ஜோடியாக வந்து நின்றார்கள்.

"சேவல் கூவினால் எங்களுக்குத் தூக்கம் இல்லை. அது இருந்தால் நாங்கள் காலி செய்வோம்."

"ஐயய்யோ, அப்புறம் ஊரு என்னாவறது! உக்காருங்க, மத்தியானம் கோழிக்குழம்பு வைக்கிறேன்" என்று சிரித்தபடி கொல்லைக்குப் போய்ச் சேவலைப் பிடித்தாள் வள்ளிக்கண்ணு.

"அவங்க சண்டை போட்டுக்கிட்டு இருந்த வரைக்கும் நீ நல்லாத்தானடா இருந்தே, ராசா!"