காலடியில் ஓர் இரண்டு

"மூணு பேப்பர்லயும் ஒரே தப்பு. இதுக்கு மேல என்னம்மா சாட்சி வேணும் உங்களுக்கு?"

தலைமைத் தேர்வாளர் மூன்று விடைத்தாள்களையும் மேசை மேல் வரிசையாகப் பரப்பினார். அவர் அருகில் வந்ததுமே டீச்சர் எழுந்து நின்றுவிட்டாள். விடைத்தாள் திருத்தும் முகாம் தொடங்கி நான்கு நாளாக இதே கதைதான். "இப்படி உக்காந்து உக்காந்து எழுந்தா முட்டி என்னத்துக்கு ஆகும் டீச்சர்?" என்று பக்கத்து நாற்காலிக் கண்ணாடிக்காரர்கூடக் கேலி செய்து பார்த்துவிட்டார்.

தப்பு விசித்திரமானதுதான். வேதியியல் சமன்பாடுகளைச் சமன் செய்யச் சொல்லிக் கேள்வி. இடப்பெயர்ச்சி வினையில் வெள்ளிக்கு முன்னால் போட வேண்டிய இரண்டை, மூன்று பேருமே வெள்ளியின் காலடியில் சின்னதாகப் போட்டிருந்தார்கள். சேர்க்கை வினையில் மக்னீசியத்துக்கும் அதே கதி, சிதைவு வினையில் பாதரசத்துக்கும் அதே கதி. எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் கணக்கு என்னவோ நேராகிவிடும். ஆனால் அப்படி எழுதுகிற வெள்ளி எந்தக் கடையிலும் கிடைக்காது.

"முன்னால போட்டா ரெண்டு வெள்ளி. கீழே போட்டா பொருளே வேற. இந்தத் தப்பு ஒருத்தனுக்கு வரலாம். ஒரே சென்டர்ல, ஒரே கட்டுல மூணு பேருக்கு வருமா? காப்பிதான். ரிப்போர்ட் எழுதப் போறேன்."

ரிப்போர்ட் போனால் அந்த மூன்று பேருக்கும் இரண்டு வருஷத்துக்குப் பரீட்சையே கிடையாது. டீச்சர் மூன்று தாள்களையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சார், மத்த கேள்விக்கெல்லாம் பதில் ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கு. காப்பி அடிக்கிறவன் இதை மட்டுமா அடிப்பான்? ஆக்சிஜன், ஹைட்ரஜனெல்லாம் மூணு பேரும் சரியாத்தான் போட்டிருக்காங்க. உலோகம் தனியா வர்ற இடத்துல மட்டும்தான் தப்பு."

"அதனால?"

"யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்காங்க, சார்."

அவர் சிரித்தார். முகாமில் அவருக்கு 'அரை மார்க்' என்று பெயர். அரை மதிப்பெண்ணுக்காக அரை நாள் வாதாடுவார். பெயர் வைத்தவர்களும் அவர் பாடத்தில் புலி என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

"முப்பத்தஞ்சு வருஷமா கெமிஸ்ட்ரி எடுக்கிறேன். உலோகத்துக்கு ஜோடி சேர்த்து வைக்கிற வாத்தியாரை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல."

"நான் பார்த்திருக்கேன், சார்."

சொன்ன பிறகுதான் ஏன் சொன்னோம் என்று இருந்தது டீச்சருக்கு. ஆனால் வாயைத் திறந்தாகிவிட்டது.

"எனக்கே அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. 'தனியாக வரும் தனிமம் எப்போதும் ஜோடியாகத்தான் வரும்'னு என் நோட்டு ஓரத்துல எங்க வாத்தியாரே எழுதிக் கொடுத்தாரு. வாயுக்களைத்தான் மனசுல வச்சு எழுதியிருப்பாரு. அந்த வார்த்தை விட்டுப் போச்சு. மொத்த கிளாசும் அதைப் பார்த்து எழுதிக்கிச்சு. காலேஜுக்குப் போய் முட்டை வாங்கின பிறகுதான் எனக்கே தெரிஞ்சது."

"சரி. அந்த நோட்டுக்கும் இந்த மூணு பேருக்கும் என்ன சம்பந்தம்?"

"நாங்க நாப்பது பேர் சார். அதுல அஞ்சாறு பேர் இப்ப டீச்சரா இருக்கோம். எல்லாருமா காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுத்திருப்பாங்க? மனப்பாடம் பண்ணினதை அப்படியே சொல்லிக் கொடுத்துட்டிருப்பாங்க."

"யாரும்மா அந்த மகானுபாவர்? முதல்ல அவர் மேலதான் ரிப்போர்ட் எழுதணும்."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். "பேரெல்லாம் வேண்டாம் சார். நோட்டு வீட்டுல இருக்கு. காலைல கொண்டு வரேன். அதுவரைக்கும் ரிப்போர்ட் கவரை ஒட்டாம வைங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நோட்டைக் கண்ணால பார்த்தாத்தான் நம்புவேன். பத்து மணிக்கு வண்டி வரும். நீங்க வரலைன்னா இது போயிடும்." பச்சை மைப் பேனாவைத் திறந்து ரிப்போர்ட்டை எழுதி முடித்தார்; அடியில் கையெழுத்தாகத் தூண்டில் முள் போல ஒரு வளைவு வளைத்து, கீழே இரண்டு புள்ளி வைத்தார்.

அன்று சாயங்காலம் டீச்சர் பழைய பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினாள். "பத்தாங்கிளாஸ் நோட்டா? மறுபடியும் பரீட்சை எழுதப் போறியா என்ன?" என்றான் கணவன்.

"நான் இல்ல. மூணு பேர் எழுதணும்" என்றாள் அவள்.

மறுநாள் பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. மூலை மடங்கிய நோட்டு ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் திறந்து கிடந்தது. தலைமைத் தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "தனியாக வரும் தனிமம் எப்போதும்..." என்று சத்தமாகப் படிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். பக்கத்து நாற்காலிக் கண்ணாடிக்காரரும் எட்டிப் பார்த்தார். வரி பச்சை மையில் இருந்தது. அதன் அடியில் தூண்டில் முள் போல ஒரு வளைவு, கீழே இரண்டு புள்ளி.

வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. தலைமைத் தேர்வாளர் ரிப்போர்ட்டை எடுத்து நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, இந்த ஐந்து நாளில் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"உக்காரும்மா" என்றார். "நீ எந்த வருஷம் என்கிட்ட படிச்சே?"