போகச் சொன்னவர்

காலையில் தலைமுடி அளவாக இருந்த வெடிப்புக்குள் இப்போது என் விரல் நுழைந்தது.

பின்சுவர் அது. உள்ளேயிருந்து செம்மண் தண்ணீர் கசிந்தது. நிலை கோணிப்போய்க் கதவைச் சாத்தவும் முடியவில்லை. நாலு நாளாக நமுனுகுல மலையே தெரியாத மழை.

எல்லாரும் கீழே பள்ளிக்கூடத்துக்கு இறங்குங்கள் என்று கிராம சேவகர் சொல்லிவிட்டுப் போய் ஒரு மணி நேரமாகிறது. லயத்து வரிசை வீடுகளில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

அம்மா பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். செருப்புகூடப் போட்டாயிற்று. எழுந்திருக்க மட்டும் மாட்டேன் என்கிறாள்.

"அனுப்புன மெசேஜுக்கு பாஸ்டர் ஐயா பதில் போடட்டும் ஜெசீகா. அவரு சொல்லாம காலெடுத்து வைக்க மனசு வரல."

மலையைவிட அவளைப் பார்த்துத்தான் அதிகம் பயந்தேன்.

என் அம்மா இந்த இருதயம்மாதான் ஒரு காலத்தில், தேயிலைக் கொழுந்து நிறுவையில் ஏமாற்றுகிறார்கள் என்று நாற்பது பெண்களோடு போய்த் தொழிற்சாலை வாசலில் உட்கார்ந்தவள். தோட்டத்துத் துரையே வண்டியை விட்டு இறங்கிவந்து பேசினார்.

அப்பா சாகக் கிடந்தபோது கிருபாகரன் பாஸ்டர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் எங்களோடு இருந்தார். தங்கமான மனுஷன். என்னையே கேட்காதீர்கள், நீங்களும் ஜெபம் பண்ணுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அம்மா அதை அவருடைய தாழ்மை என்று எடுத்துக்கொண்டாள். ஆடு வாங்குவதா, கூரைத் தகரத்தை மாற்றுவதா, நான் பண்டாரவளையில் கடை வேலைக்குப் போவதா, எல்லாமே அவரைக் கேட்டுத்தான்.

மேலே எங்கேயோ மரம் முறிந்தது. பிறகு கல் உருளும் சத்தம்.

நான் போனைப் பார்த்தேன். "உடனே பள்ளிக்கூடத்துக்குப் போங்க, தாமதிக்க வேண்டாம்" என்று உரக்க வாசித்தேன்.

அம்மா துள்ளி எழுந்தாள். சறுக்கும் படிகளில் என்னையே இழுத்துக்கொண்டு ஓடினாள்.

பள்ளிக்கூட வாசலை மிதித்தபோது காலடியில் நிலம் அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். எங்கள் லயம் இருந்த இடத்தில் சேறு ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே பாஸ்டர் நனைந்த சட்டையோடு வந்தவர்களுக்குப் பாய் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா ஓடிப்போய் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் சொன்னதால்தான் உயிரோடு இருக்கிறோம் என்றாள்.

அவர் முழித்தார். மேசையில் கழற்றிக் காயவைத்திருந்த தன் போனைப் பார்த்தார். அது காலையிலேயே வெள்ளத்தில் விழுந்து செத்துப்போயிருந்தது.

அவர் எந்தச் செய்தியும் அனுப்பவில்லை. இல்லாததைத்தான் நான் வாசித்தேன்.

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். வீடு போன அன்றைக்கே அவரையும் அம்மாவிடமிருந்து பிடுங்க எனக்குப் பயமாக இருந்தது. வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். ஆமாம்மா என்றார் மெதுவாக.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"எந்தப் பக்கம் பாய விரிக்கிறதுன்னு ஐயாவக் கேட்டுக்கிட்டு வா."

அந்த அறையில் ஒரே ஒரு மூலைதான் காலியாக இருந்தது.