வெள்ளைத்துணி

குடும்பக் கல்லறையைத் திறந்து இரண்டாவது ஆளை அடக்கம் செய்யும்போது, முதலில் புதைத்தவரின் எலும்புகளைப் பொறுக்கி வெள்ளைத்துணியில் முடிந்து புதுப் பெட்டியின் காலடியில் வைப்பார்கள். மகளின் எலும்புகளோடு தன்னைச் சேர்க்க வேண்டுமென்று ஞானம்மாள் சாகும்முன் கணவர் லூர்துராஜிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். குழிக்குள்ளிருந்து வெட்டியான் பிச்சைமுத்து நீட்டிய துணியில் எலும்பு இல்லை. ஐந்து பிளாஸ்டிக் மிட்டாய்த் தாள்கள் இருந்தன.

"எலும்பு எங்கப்பா?" என்றார் லூர்துராஜ்.

"சின்னப் புள்ள எலும்பு, முப்பத்தாறு வருசம். ஒரு பல்லுகூட மிஞ்சலீங்க."

இந்தச் செம்மண்ணின் புளிப்பு எலும்பிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துவிடும். பிளாஸ்டிக்கைத் தின்னும் கிருமி அதில் கிடையாது. பல் சொத்தையாகும் என்று, மகள் உயிரோடிருந்தவரை அவளுக்கு மறுத்த மிட்டாயை, அடக்கத்தன்று அவளுடைய சட்டைப்பையில் வைத்து அனுப்பியவர் லூர்துராஜ்தான். தாளில் ஆரஞ்சுப்பழப் படம் இன்னும் பளிச்சென்றிருந்தது.

"எம்புள்ளைய தின்னுட்டு இத மட்டும் பத்திரமா வச்சிருக்கா இந்த மண்ணு?"

ஒன்றைக் கசக்கி எறிந்தார். மடிப்பு அதில் நிற்காது. தரையில் சரசரவென்று தானாக விரிந்தது. மிதித்தார். காலை எடுத்ததும் மறுபடி விரிந்தது.

"பெட்டிய இறக்கணும் ஐயா," என்றான் பிச்சைமுத்து, துணியைப் பிடித்தபடி. "இதுல எதைங்க முடியறது?"